என்னத்தைக் கலந்து கொடுத்தார்கள்?

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு பக்திக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் அதற்கு இரண்டே விளக்கங்கள்தான் உண்டு. ஊரில் இருக்கிறவர்கள் "என்னத்தையோ கலந்து குடுத்துட்டாங்க" என்பார்கள். பெங்களூரில் இருக்கிற நாங்கள் "மூளைச்சலவை" என்போம். படிப்புதான் வித்தியாசம், சரக்கு ஒன்றேதான். இரண்டிலும் சேர்ந்தவன் ஒன்றும் செய்யவில்லை, அவனுக்கு யாரோ எதையோ செய்துவிட்டார்கள். இந்த விளக்கம் எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை. ஆனால் பெரியம்மா பையன் ஒருவன் இங்கே ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்து, வீடே இரண்டுபட்ட பிறகுதான் ஏன் செரிக்கவில்லை என்று கொஞ்சம் யோசிக்க முடிந்தது.

எந்த அமைப்பு, எந்தச் சாமி என்றெல்லாம் எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் "அதானே பார்த்தேன்" என்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். கோவில்பட்டிப் பையன், இன்ஜினியரிங் முடித்து வேலைக்கு வந்தவன், மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் இருந்தான். ஓர் அறையில் மூன்று கட்டில், மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட், ஒருவன் முகத்தை ஒருவன் முழித்திருக்கும்போது பார்ப்பதே அபூர்வம். வெல்லம் போட்ட சாம்பாரைப் பற்றி மட்டும் எனக்கு அவ்வப்போது புலம்பி மெசேஜ் போடுவான். அப்புறம் திடீரென்று கறி மீனை விட்டான், வெங்காயம் பூண்டை விட்டான், காலை நாலரைக்கு எழ ஆரம்பித்தான், சனி ஞாயிறு முழுக்க அங்கேயே கிடந்தான், சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாகவும் தெரிய வந்தது. பெரியம்மாவுக்கு இதில் எதுவும் பெரிய விஷயமில்லை. "இப்படியே போனா எவன் பொண்ணு குடுப்பான்?" என்பதுதான் ஒரே கவலை. பெரியப்பா போனில் கத்துவார், அவன் போனை வைத்துவிடுவான், பிறகு எடுக்கவே மாட்டான்.

இந்த நேரத்தில்தான் ஜான் லோஃப்லேண்ட், ரோட்னி ஸ்டார்க் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1965-ல் எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. கொரியாவிலிருந்து வந்த ஒரு புதிய மதக்குழு சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் கூடவே இருந்து யார் சேர்கிறார்கள், யார் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று கவனித்தவர்கள். அந்தக் குழுவைக் கொண்டுவந்தவர் கிம் என்ற கொரியப் பெண்மணி. அவர் முதலில் ஒரேகான் மாநிலத்தில், யூஜின் என்ற ஊரில் தங்கியிருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் மூன்று பேர் யார் தெரியுமா? அக்கம்பக்கத்து வீட்டு இளம் இல்லத்தரசிகள். அதில் ஒருவர் வீட்டில்தான் கிம் வாடகைக்குக் குடியிருந்தார். முதலில் பழக்கம், அதற்கப்புறம்தான் தத்துவம். குழுவுக்குள் இருக்கிறவர்களோடு உள்ள ஒட்டுதல் வெளியே இருக்கிறவர்களோடு உள்ள ஒட்டுதலைவிடக் கூடும்போதுதான் ஒருவர் சேர்கிறார் என்பது அவர்கள் கண்டது. கொள்கையெல்லாம் சேர்ந்த பிறகு படிக்கிற பாடம். ஆனால் பின்னால் போய் "ஏன் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் கொள்கையைத்தான் சொல்வார்களாம்.

நான் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. இன்டர்வியூவில் எல்லோரும் "கம்பெனியின் தொலைநோக்கு என்னைக் கவர்ந்தது" என்பார்கள், ஃபைலைத் திருப்பினால் உள்ளே வேலை பார்க்கும் காலேஜ் தோழன் கொடுத்த ரெஃபரல், அதாவது சிபாரிசு, இருக்கும். மதத்திலும் ரெஃபரல்தான் ஓடுகிறது. ஸ்டார்க்கும் வில்லியம் பெயின்பிரிட்ஜும் 1980-ல் மார்மன் என்ற அமெரிக்கச் சபையின் கணக்கு ஒன்றைக் காட்டினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சபை ஊழியர் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் ஆயிரத்தில் ஒருவர்தான் சேர்ந்தார். அதே ஊழியரை ஏற்கெனவே சபையில் இருக்கும் நண்பர் தன் வீட்டுக்கு அழைத்து அறிமுகம் செய்துவைத்தால் பாதிக்குப் பாதி. அதே புத்தகம், அதே போதனை, உட்கார்ந்த சோபா மட்டும் வேறு.

மூளைச்சலவைக் கதையை நேராகவே சோதித்துப் பார்த்தவர் ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர். அதே கொரியக் குழுவைத்தான் எடுத்துக்கொண்டார். 1979-ல் லண்டன் பகுதியில் அவர்கள் நடத்திய தங்கும் வகுப்புகளுக்குப் போன ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சேரவே இல்லை. சேர்ந்த சொற்பத்திலும் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். அடைத்துவைத்து மண்டையைக் கழுவும் தொழில்நுட்பம் ஒன்று இருந்தால் அதைவிட மட்டமான தொழில்நுட்பம் உலகத்தில் இருக்க முடியாது. ஆபத்தான கூட்டங்களே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 1978-ல் கயானாவில், ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் கூட்டத்தில் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆனால் அவர்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது சாவதற்காகச் சேரவில்லை. நிறவேற்றுமை ஊறிப்போன அமெரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு சபையில் சேர்ந்தார்கள். சேர்ந்த காரணத்தையும் அது முடிந்த விதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே புரியாது.

பெரியம்மாவின் படையெடுப்பு

பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போவது என்ற முடிவோடுதான் பெரியம்மா ரயில் ஏறி வந்தார். அல்சூரில் என் வீட்டில் தங்கினார். கைப்பையில் மந்திரித்த விபூதிப் பொட்டலம் ஒன்று இருந்தது, அவன் தலையணைக்கு அடியில் வைப்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்துக்கே போய் நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவது என்பது திட்டம். மெட்ரோவில் ஹூடி வரைக்கும் போய் அங்கிருந்து ஆட்டோ. ஒரு அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி, வாசலில் செருப்பு மலை, உள்ளே நாற்பது ஐம்பது பேர், பெரும்பாலும் ஐ.டி. பிள்ளைகள், கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி ஐடி கார்டோடுகூட ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் ஒரு சேலத்துப் பெண் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கம்மா, ட்ரெயின்ல தூங்குனீங்களா? கீழ உக்கார முடியுமா, முட்டி வலின்னு தம்பி சொன்னான், சேர் போடட்டுமா?" சேர் வந்தது. எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டு வந்தவள் பெரியம்மாவிடம் மட்டும் வேறு கிண்ணத்தை நீட்டினாள். "உங்களுக்குச் சுகர்னு சொன்னான். அதனால சுண்டல் மட்டும்." பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் சுண்டலைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே பெரியம்மாவுக்கு என்று தனிக் கிண்ணம் யாரும் எடுத்து வைத்ததில்லை, இனிப்பை இலையில் வைத்துவிட்டு "சுகர் உள்ளவங்க பார்த்துச் சாப்பிடுங்க" என்பதோடு சரி.

கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு பெரியம்மா தன் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், சேலத்தில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார், குலசாமி எது. எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இங்க கேக்கக் கூடாதும்மா, ரூல்" என்றாள்.

பாட்டு, பேச்சு, தியானம் எல்லாம் முடிந்தது. பேச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கேயும் கேட்கிற பேச்சுதான். முடிந்ததும் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஒரு லாங் சைஸ் நோட்டைத் திறந்து வராதவர்கள் பெயரை வாசித்தார். ஒரு பெயருக்கு யாரிடமும் பதில் இல்லை. "போன வாரமும் வரலை. ரெண்டு பேர் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். இரண்டு பையன்கள் அப்போதே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த இடம்தான் எனக்குள் தங்கிவிட்டது. காய்ச்சலில் கிடக்கிற பையனுக்கு அந்த இரண்டு பேர் தெய்வம். ஒதுங்கிப் போகலாம் என்று நினைக்கிற பையனுக்கு அதே இரண்டு பேர் போலீஸ். போகிறவர்கள் முகத்தில் எது என்று எழுதியிருக்கவில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

திரும்பும்போது பெரியம்மா இந்திராநகர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "சுண்டல்ல உப்பு கம்மி" என்றார். இறங்குகிற நேரத்தில், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் இங்கதானே இருப்பேன், போயிட்டு வருவமா?" என்றார். போனோம். கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் கொண்டு போய்க் கொடுத்தார். நறுக்கென்று கேட்க வேண்டியதைக் கடைசிவரை கேட்கவில்லை. விபூதி மட்டும் தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது, அதில் சமரசம் கிடையாது.

இதில் நடந்தது என்னவென்று லோஃப்லேண்டும் ஸ்டார்க்கும் சொன்னதை வைத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. அவன் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் தராசில் இரண்டு வேலை நடக்க வேண்டும்: அங்கே கூட வேண்டும், இங்கே குறைய வேண்டும். அங்கே கூட்டும் வேலையை அந்தக் கூட்டம் பார்த்துக்கொண்டது. இங்கே குறைக்கும் வேலையைப் பெரியப்பா போனில் கத்திக் கத்தி இலவசமாகச் செய்துகொடுத்தார். வீட்டில் இருந்து வருகிற ஒவ்வொரு வசவும் அந்த அமைப்புக்கு ஒரு நன்கொடை ரசீது. பெரியம்மாவின் கடலைமிட்டாய்க்குப் பிறகு அவன் போனை எடுக்க ஆரம்பித்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போனான், கறி சாப்பிடவில்லை, யாரும் அதைப் பெரிதாக்கவில்லை. ஆனால் கூட்டத்தை விடவும் இல்லை.

கஷ்டப்படுத்துவதுதான் கவர்ச்சி

வெங்காயத்தை விடு, நாலரைக்கு எழு, பணம் கொடு என்று இவ்வளவு படுத்துகிற இடத்துக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. படுத்துவதால்தான் போகிறார்கள் என்கிறார் லாரன்ஸ் இயனக்கோன். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், 1990-களில் இதைப் பற்றி எழுதியவர். எந்தக் கூட்டத்துக்கும் ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள்தான் பிரச்சினை. வருவார்கள், வாங்கிக்கொள்வார்கள், ஒரு கை கொடுக்க மாட்டார்கள். உணவுக் கட்டுப்பாடும் உடைக் கட்டுப்பாடும் போட்டால் அரைமனதுக்காரர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் எல்லோரும் முழுமனதுக்காரர்கள் என்பதால் பாட்டும் பலமாக இருக்கும், உதவியும் பலமாக இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 41 நாள் கறுப்பு வேட்டி, பச்சைத் தண்ணீர்க் குளியல், தரைப் படுக்கை, மேனேஜரும் செக்யூரிட்டியும் ஒருவரை ஒருவர் "சாமி" என்று கூப்பிடுவது. எங்கள் பெரியப்பாவே போட்டிருக்கிறார். அதை யாரும் மூளைச்சலவை என்றதில்லை, ஏனென்றால் மாலையைக் கழற்றும் நாள் ஒன்று இருக்கிறது. மறுநாள் மேனேஜர் மேனேஜர், செக்யூரிட்டி செக்யூரிட்டி.

இன்னொரு பக்கம் விவேக்நகர் குழந்தை இயேசு கோவில். வியாழக்கிழமை போய்ப் பாருங்கள், மெழுகுவர்த்தி வரிசையில் பொட்டு வைத்தவர்களும் இருப்பார்கள். நொவேனா ஜெபம் தமிழிலும் உண்டு. என் அம்மாவே என் தங்கையின் கல்யாணத்துக்கு அங்கே வேண்டிக்கொண்டவர்தான். யாரும் நோட்டைத் திறந்து பெயர் வாசிப்பதில்லை, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. நிம்மதிதான். ஆனால் நாம் செத்துக் கிடந்தாலும் அடுத்த வியாழக்கிழமை வரிசையில் யாருக்கும் தெரியாது என்பதும் அந்த நிம்மதிக்குள் அடக்கம்.

உறுப்பினராக இருப்பதில் வேறு லாபங்களும் உண்டு, அதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1904-ல் அமெரிக்கா போன ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வட கரோலினாவில் ஒரு ஞானஸ்நானத்தைப் பார்த்தார். குளிரில் ஒரு குளத்துக்குள் ஆட்களை முக்கி எடுக்கிறார்கள். அதில் ஒருவனைக் காட்டி, இவன் ஏன் சேர்கிறான் என்று வெபரின் உறவினர் விளக்கினார்: பேங்க் தொடங்கப் போகிறான். பாப்டிஸ்ட் சபை தீர விசாரித்துத்தான் ஆளைச் சேர்க்கும். ஆகவே சபை சேர்த்துக்கொண்டவன் என்றால் ஊரே நம்பிப் பணம் போடும். பெங்களூரில் கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு இந்தக் குளத்தின் அருமை புரியும். எங்கள் பையனுக்கு பிஜியை விட்டு வெளியே வர ஒரு ஃபிளாட் கிடைத்தது, ஓனர் அந்தக் கூட்டத்துக்காரர், பத்து மாத அட்வான்ஸ் கேட்கவில்லை.

வெளியே வந்த கதை

அவன் தங்கை வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஊருக்குப் போய்விட்டு வந்தான். அடுத்த கூட்டத்தில் கட்டம் போட்ட சட்டைக்காரர் எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டார். தங்கை வளைகாப்பு என்றான். "இந்தக் குடும்பம் உனக்குக் குடும்பம் இல்லையா?" என்று கேட்டார்களாம். தராசில் மறுபக்கம் காலியாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி வேலை செய்திருக்கும். காலியாக இல்லை. சில மாதங்களில் வெளியே வந்தான். வந்த அன்றே வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கினார்கள், ஃபிளாட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், முட்டி வலியை நினைவு வைத்திருந்த சேலத்துப் பெண் உட்பட யாரும் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. அவ்வளவு அன்பும் பொய்யா என்று அவன் அப்போது கேட்டான். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஜருக்கு மட்டும் கொடுக்கிற அன்பு அது, ஆப்சென்ட்டுக்குக் கிடையாது.

விபூதி வேலை செய்துவிட்டது என்று பெரியம்மா நம்புகிறார். பெரியப்பா குலசாமிக்குக் கிடா வெட்டினார். நான் ரோட்னி ஸ்டார்க்கை நம்பினேன். அவரவர் சாமி அவரவருக்கு.

இதையெல்லாம் அவனிடமே விளக்கியபோது அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா, அப்பா என்னடான்னா எதையோ கலந்து குடுத்தாங்கங்கிறார். நீங்க என்னடான்னா சுண்டல் குடுத்தாங்கங்கிறீங்க. எனக்குன்னு யோசனையே கிடையாதா? சாதி கேக்காத ஒரு இடம்னு யோசிச்சுதான் சேர்ந்தேன். மனுசன மதிக்கலன்னு யோசிச்சுதான் வெளிய வந்தேன்."

அவன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. உறவு, தனிமை, பிஜி சாம்பார் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் ஆளே காணாமல் போய்விடுகிறான். அம்பேத்கர் 1935-ல் யேவலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் ஏற்கும்வரை 21 வருடம் படித்தார், எழுதினார், வாதாடினார். அதை யார் வீட்டுச் சோபாவில் நடந்தது என்று தேடிப் போவது அபத்தம். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். இங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் கோலார் தங்கவயல். தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த தமிழர்களிடையே கிளை இருந்தது. பூமிக்கு அடியில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்து பத்திரிகை படித்து, நாங்கள் யார் என்று வாதம் செய்தவர்கள் அவர்கள். ஆள் இல்லாமல் அலைந்தவர்கள் இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். 1981 பிப்ரவரியில் திருநெல்வேலிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது தனித்தனியாகப் போகவில்லை, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். காரணம் யோசனைதான், அவமானம்தான், காவல்துறையிடமும் மேல்சாதியிடமும் பட்டதுதான். ஆனால் போன விதத்தில் பெரும்பாலும் யாரும் யாரையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனும் கூட, பக்கத்து வீடும் கூட. அன்றும் டெல்லி வரைக்கும் பேச்சு என்னவாக இருந்தது? வளைகுடாப் பணம் கொடுத்து மாற்றிவிட்டார்கள் என்று. கலந்து கொடுத்த கதையின் பெரிய பதிப்பு அது. கீழே இருக்கிறவன் யோசித்து முடிவெடுப்பான் என்பதை நம்புவதைவிட எதையோ கொடுத்தார்கள் என்று நம்புவது மேலே இருக்கிறவர்களுக்குச் சௌகரியம். எங்கள் பையன் விஷயத்தில் அந்தச் சௌகரியம் எனக்கும் ஏன் வேண்டும் என்றுதான் அவன் கேட்டான் என நினைக்கிறேன். யோசிப்பதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அவன் இப்போது எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று ஊரில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். உண்மையில் அந்த அமைப்பிலிருந்து வெளியே வந்த ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்திராநகரில் ஒரு தர்ஷினி ஹோட்டலில் கூடுகிறார்கள், வெங்காய தோசைதான் சாப்பிடுவது என்று ஒரு விதி. வாட்ஸப் குழுவும் இருக்கிறது. வராதவனுக்கு எட்டரைக்குள் போன் போய்விடுகிறதாம். பெரியம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.